பெட்டி இறங்கிய ஊர்

1

போன வாரம் அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைக்காரி காத்ரின் என்னிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாள். குளிர்காலத்தில் கேரளம் பார்க்க வேண்டுமாம். “இங்கிருந்து கொச்சி எவ்வளவு தூரம், சுமதி? விமானத்தில் எத்தனை மணி நேரம்?”

ஹாம்பர்க் வந்த இந்தப் பன்னிரண்டு வருடங்களில் நான் அதிகமாகப் பதில் சொல்லியிருப்பது இந்தக் கேள்விக்குத்தான். ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். வளைகுடாவில் ஒரு தடவை மாறி ஏற வேண்டும். வானத்தில் இருப்பது மொத்தம் பதினொரு மணி நேரம். இறங்கியபின் காரில் நான்கு மணி நேரம் போனால் எங்கள் திருப்பூர். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல ஒப்பிப்பேன்.

அன்றைக்கு ‘ஏழாயிரத்து’ என்று தொடங்கியதோடு சரி. கோப்பையை மேசைமேல் வைப்பதாக நினைத்து விளிம்பில் வைத்திருக்கிறேன். அது விழுந்து உடைந்ததும் காத்ரின் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டாள்.

ஊரில் இருக்கும் உங்களில் பலருக்குக் கதை பாதி தெரிந்திருக்கும். என் தம்பி கதிர் அவினாசி ரோட்டுப் பேக்கரியில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அவன் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. அதனால் என் பங்கை எழுதிவிடுகிறேன்.

2

ஹாம்பர்க்கைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அட்டைப் பெட்டிகளின்மேல் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பேக்கிங் ஹாலில் கூரைவரை அடுக்கியிருக்கும் பெட்டிகளின் பக்கவாட்டில் கறுப்பு மையில் அந்த ஊர்ப் பெயர் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. “ஹாம்பர்க்குங்களா? கப்பல்ல ஒரு மாசம், ஏர்ல மூணு நாளுங்க” என்பார்கள். அதுதான் தூரம்.

அதிலும் ‘ஏர்’ என்பது எங்கள் ஊரில் நல்ல வார்த்தை இல்லை. சாயப்பட்டறையில் தாமதம், பிரிண்டிங்கில் கோளாறு, கப்பலைத் தவறவிட்டாயிற்று, சரக்கு வாங்கும் பையர் ஒரு நாள்கூடத் தள்ளித்தர மாட்டேன் என்கிறான் என்று எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் சரக்கை விமானத்தில் போடுவார்கள். கூலியே லாபத்தைத் தின்றுவிடும். கம்பெனியே அன்றைக்குக் குரல் தாழ்த்திப் பேசும். “ஏர்ல போகுதாமா?” என்று கேட்பவர்கள், ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்று கேட்பதுபோலக் கேட்பார்கள்.

கதிர் இந்த வேலைக்கே போனான். கம்பெனிகளிடமிருந்து பெட்டிகளை வாங்கிக் கப்பலிலும் விமானத்திலும் இடம் பிடித்து அனுப்பி வைப்பது அவன் தொழில். ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் பெட்டி எந்த ஊரில் இறங்கியது, எந்த ஊரில் ஏறியது என்று வரும். சாப்பிடும்போதும் ஒரு கையில் போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மனைவிகூடத் திட்டுவாள்: “கட்டுன பொண்டாட்டி எங்க இருக்கறான்னு தெரியாது, பெட்டி பாரீஸ்ல இருக்கறது மட்டும் தெரியும்.”

நான் கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்தபின் இங்கே வந்தேன். என் கணவர் செல்வராஜ் துணி இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். இன்னொரு நிறுவனத்தில் நான் குழந்தைகள் ஆடைகளின் அளவு சரிபார்க்கிறேன். பெட்டியைப் பிரித்ததும் வரும் வாசனையை வைத்தே அது எங்கள் ஊர்ச் சரக்கா, டாக்காவா என்று சொல்லிவிடுவேன். காத்ரினுக்கு இது பெரிய வித்தை.

3

எங்கள் மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது. இங்கே வரும்போது இரண்டு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கொஞ்ச நாளாக அதுவும் குறைந்து தோள் குலுக்கலில் வந்து நிற்கிறது. அறைக் கதவு சாத்தியே இருக்கும். அந்தப் பக்கம் யாருடனோ சிரிக்கும் சத்தம் கேட்கும். நான் தட்டினால் நின்றுவிடும்.

இந்தக் கோடை விடுமுறையில் அவள் அப்பாவோடு திருப்பூர் போனாள். லீவு முடிந்து அவர் திரும்ப வேண்டிய நேரத்தில், “நான் இன்னும் கொஞ்ச நாள் மாமா வீட்டில் இருக்கட்டுமா?” என்று அவளாகவே கேட்டாள். எனக்கு அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. கதிரின் ஆபீஸில் உட்கார்ந்து அவனோடு பெட்டிகளைத் தேடுவது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

ஆனால் இங்கே பள்ளி திறக்கும் நாளில் பிள்ளை வகுப்பில் இருந்தாக வேண்டும். ஊரில்போல, “காய்ச்சலுங்க டீச்சர்” என்று ஒரு வாரம் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியாது, அபராதம் போட்டுவிடுவார்கள். எங்கள் இருவருக்கும் லீவு இல்லை. அதனால் அவள் தனியாகத் திரும்ப ஏற்பாடு செய்தோம். விமான நிறுவனத்தின் ஆள் ஒருவர் கூடவே வந்து ஏற்றிவிடுவார், வளைகுடாவில் இன்னொருவர் மாற்றிவிடுவார், இங்கே எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார்கள். பிள்ளையின் கழுத்தில் காகிதங்கள் வைத்த ஒரு பை தொங்கும்.

அந்தப் பையின் படத்தைப் பார்த்ததும் இனியா போனில் கத்தினாள், ஜெர்மனில்தான். “நான் என்ன பார்சலா?”

கதிருக்கு ஜெர்மன் புரியாது. ஆனால் பார்சலுக்கு ஜெர்மன் சொல் ‘பாக்கேட்’, அது பிடிபட்டுவிட்டது. பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. “பார்சலுக்கு ஏது கண்ணு இத்தன மரியாத? தூக்கி வீசுவானுங்க. நீ ராணியாட்டப் போற.” பிறகு போனை வாங்கி என்னிடம் சொன்னான்: “அக்கா, ஒரு விசேசம் கேட்டீங்களா? என்ற பார்ட்டி ஒருத்தரோட சரக்கு ஏர்ல போகுதுங்க, ஹாம்பர்க்குக்கு. பாப்பா போற பிளைட்லயே எடம் புடிச்சுட்டேன். மேல என்ற மருமக, கீழ என்ற பெட்டி. நீங்க ஏர்போர்ட்டுல ரெண்டையும் சேத்து வாங்கிக்குங்க.”

நானும் சிரித்தேன். மனசுக்குள் ஒரு தெம்பும் வந்தது. பெட்டியை அவன் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பான், அதே விமானம்தானே.

4

கிளம்பும் நாள் காலை கதிர் அவளைக் கொச்சியில் விட்டுவிட்டுத் திரும்பி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் ஹாம்பர்க் வீட்டுச் சமையலறையில், விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலியைத் திறந்து வைத்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். குட்டி மஞ்சள் விமானம் அரபிக் கடலின்மேல் நகர்ந்தது. குனிந்து பாலை எடுத்து நிமிர்ந்தபோது அதன் மூக்கு வேறு பக்கம் இருந்தது.

முதலில் போனைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். திருப்பிப் பார்த்தேன். இல்லை. கடலின் நடுவில் ஒரு வளைவு போட்டுக்கொண்டிருந்தது. அந்த வளைவு முடிவதற்குள் படம் மறைந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வெறும் நீலம்.

கத்தி கையிலிருந்ததுகூடத் தெரியாமல் செல்வராஜைக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் குளியலறையிலிருந்து ஓடிவந்து என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

டிவி போட்டோம். வளைகுடாவில் திடீர்ப் பதற்றம், வான்வெளியை மூடிவிட்டார்கள், விமானங்கள் திருப்பி விடப்படுகின்றன என்றார்கள். எங்கே திருப்பிவிடப்படுகின்றன என்று சொல்லவில்லை. விமான நிறுவனத்தின் இணையப் பக்கம் திறக்கவில்லை. செயலியில் அவள் விமானத்துக்கு எதிரே ‘திருப்பிவிடப்பட்டது’ என்று ஒரு சொல். ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

கதிருக்குப் போன் செய்தேன். கேரள எல்லையில், வாளையாரில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“பயப்படாதீங்கக்கா. பெட்டி நம்பர எழுதுன தாள் பூட்டுன ஆபீஸ்ல இருக்குதுங்க, போனதும் பாத்துச் சொல்றனுங்க. பெட்டி எங்க எறங்குதோ பாப்பா அங்கதானுங்க.”

சரி என்றேன். சீக்கிரம் போடா என்றேன். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திருப்பூரைப் பார்த்து வண்டியை விரட்டினான். சீக்கிரம் போடா என்று நான் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாங்கள் விமான நிலையத்துக்கு ஓடினோம். அங்கே போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. செல்வராஜ் விமான நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் காதில் வைத்தபடியே ரயிலில் வந்தார். ஒரே இசை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு தடவை ஏதோ இந்திய எண்ணிலிருந்து அழைப்பு குறுக்கே வந்தது.

“எடுங்க” என்றேன்.

“சொந்தக்காரங்க யாராச்சும் நியூஸ் பாத்துட்டுக் கூப்புடுவாங்க. இத வெச்சுட்டா மறுபடியும் வரிசைல கடைசிக்குப் போயிருவோம் சுமதி.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சித்தப்பா, பெரியம்மா என்று எல்லோருக்கும் இப்போது விளக்கம் சொல்ல முடியுமா?

5

விமான நிலையக் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் இருந்தார். அவர் திரையைப் பார்த்து, “உங்கள் மகள் எங்கள் பதிவில் இருக்கிறாள்” என்றார்.

“எங்கே இருக்கிறாள்?”

“பதிவில் இருக்கிறாள் என்றால் எங்கள் பொறுப்பில் இருக்கிறாள் என்று அர்த்தம்.”

“எந்த ஊரில்?”

“அந்தத் தகவல் இன்னும் வரவில்லை.”

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பது செல்வராஜ் பிறகு சொல்லித்தான் தெரியும். பாதித் தமிழ், பாதி ஜெர்மன். அந்த ஜெர்மனிலும் அவரை ‘நீ’ என்று கூப்பிட்டிருக்கிறேன். நாய்க்குட்டியைக்கூட ‘போங்க சாமி’ என்று விரட்டுகிற ஊரில் பிறந்தவள் நான். என் அப்பா வயதுள்ள மனிதரைப் பொது இடத்தில் நீ, நீ என்றிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதை ஒரே மடக்கில் குடித்தேன்.

அப்போதுதான் கதிரின் போன் வந்தது. மூச்சு வாங்கிற்று அவனுக்கு.

“அக்கா, மஸ்கட்! பெட்டி மஸ்கட்ல எறங்கீருக்குதுங்க. ஒண்ணும் ஆகலீங்க. பாப்பா மஸ்கட்ல இருக்கறா.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வராஜ் என் பக்கத்தில் குந்தி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் வேறு எங்கும் தேடவில்லை. காலியாக இருந்த இடத்தில் ஓர் ஊர்ப் பெயர் வந்துவிட்டதே, போதாதா?

கதிர் விடவில்லை. மஸ்கட்டில் ரஹீம் அண்ணன் இருக்கிறார். திருப்பூர் பக்கம் முதலிபாளையத்துக்காரர். நம் ஊர் பனியன், ஜட்டி மொத்த வியாபாரம். அவருக்குச் சரக்கு அனுப்புவதே கதிர்தான். கடையை அப்படியே போட்டுவிட்டு விமான நிலையத்துக்கு ஓடியிருக்கிறார். பெட்டி அட்டையைக் கிழித்து ‘இனியா’ என்று பெரிதாகத் தமிழில் எழுதி, அதைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படத்தை எனக்கு அனுப்பினார். பின்னால் மனிதத் தலைகள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன்.

“நான் போறேன். மஸ்கட்டுக்கு எது கெடைக்குதோ அதுல ஏறிர்றேன்” என்றார் செல்வராஜ். விமானமே போகுமா என்று தெரியாது. இருந்தாலும் அவருடைய பாஸ்போர்ட் வேண்டும். அவர் உதவி எண்ணின் வரிசையிலேயே நிற்கட்டும் என்று, பாஸ்போர்ட் எடுக்க நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

ரயில் பாதி தூரம் வந்தபோது ரஹீம் அண்ணன் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“தங்கச்சி, கொச்சில இருந்து வந்த பிளைட்டு ஆளுகளை எல்லாம் ஒரு ஹாலுக்குள்ள வெச்சிருக்காங்க. உள்ள வேல பாக்கற பையன் ஒருத்தன் நம்மாளு. மூணு தடவ போய்ப் பாத்துட்டு வந்துட்டானுங்க.”

“சொல்லுங்கண்ணா.”

“தனியா வந்த பிள்ள யாரும் இல்லைங்கறானுங்க. லிஸ்ட்டுலயும் அந்தப் பேரு இல்லீங்க தங்கச்சி.”

நான் என்ன பதில் சொன்னேன், போனை எப்போது வைத்தேன், எந்த நிறுத்தத்தில் இறங்கினேன் என்பது நினைவில் இல்லை. எதிர் இருக்கையில் ஒரு பெண் குழந்தைக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததும், அந்த ஆப்பிளின் தோல் சுருள் சுருளாக அவள் மடியில் விழுந்ததும் மட்டும் தெளிவாக இருக்கிறது. ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதில் எந்த கிலோமீட்டரில் என் பிள்ளை இருக்கிறாள்? கடலின்மேல் அந்த வளைவும் வெறும் நீலமும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

6

எங்கள் வீட்டில் ஒரு பழைய மேசைத் தொலைபேசி இருக்கிறது. இணைய இணைப்போடு சேர்ந்து வந்தது. விளம்பரக்காரர்களைத் தவிர யாரும் அதில் கூப்பிடுவதில்லை. எடுத்து வைத்துவிடலாம் என்று பலமுறை பேசியிருக்கிறோம்.

கதவைத் திறந்து, செருப்போடு உள்ளே போய், பாஸ்போர்ட் இருக்கும் அலமாரியை இழுத்தேன். ஓரக்கண்ணில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. யாரோ குரல் பதிந்து வைத்திருக்கிறார்கள். விளம்பரமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அமுக்கினேன்.

முதல் பதிவு, ஜெர்மனில், படபடவென்று. “ஹலோ, நான்தான். விமானம் திரும்பி வந்துவிட்டது. நான் கொச்சியில் இருக்கிறேன். கழுத்துப் பையிலுள்ள காகிதத்தில் அப்பா நம்பர் மட்டும்தான் இருக்கிறது, அவர் எடுக்கவில்லை. என் போனில் சார்ஜ் போய்விட்டது. விமானத்தில் பக்கத்தில் இருந்த ஆன்ட்டியின் போனில் பேசுகிறேன்.”

இரண்டாவது, அதுவும் ஜெர்மனில், கொஞ்சம் கோபத்தோடு. “வீட்டில் யாருமே இல்லையா? எல்லோரும் எங்கே போனீர்கள்?”

மூன்றாவது, தமிழில்.

“அம்மா... நான் எங்கீமே போகலீங்கம்மா. கெளம்புன எடத்துலயேதான் இருக்கறனுங்க. மாமாவ வரச் சொல்றீங்களா? மாமா நம்பர் எனக்குத் தெரியாதுங்க.”

நின்றபடியே அந்தப் பொத்தானை மறுபடி அமுக்கினேன். மறுபடியும். அதற்குப் பிறகுதான் கதிரைக் கூப்பிட வேண்டும் என்பதே உறைத்தது.

“கதிரு, கொச்சிக்குப் போடா. பாப்பா கொச்சிலதான் இருக்கறா.”

“அப்ப மஸ்கட்ல எறங்குன பெட்டி?” என்றான். கேட்டவுடனே அவனுக்கே புரிந்துவிட்டது. “ஐயோ அக்கா... அந்தப் பெட்டி எக்கேடோ கெட்டுப் போகட்டுங்க” என்று அழுதுகொண்டே ஓடினான். முந்தைய விமானத்தில் இடம் இருந்ததால் அவன் சரக்கை அதில் மாற்றி ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அந்த விமானம் பாதிக்கு மேல் போய்விட்டதால் மஸ்கட்டில் இறங்கிவிட்டது. பின்னால் போன இனியாவின் விமானத்தை ஏறிய ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். கதிர் பெட்டி இறங்கிய ஊரை மட்டும் பார்த்தான், எந்த விமானத்தில் போயிற்று என்று பார்க்கவில்லை. தானே இடம் பிடித்த விமானம் என்பதால் சந்தேகமே வரவில்லை. வாளையாரில் அவன் வண்டியைத் திருப்பியிருந்தால், அவள் இறங்கும்போது வாசலில் நின்றிருப்பான். நான்தான் சீக்கிரம் ஆபீஸ் போ என்று விரட்டினேன்.

செல்வராஜின் போனில் குறுக்கே வந்த அந்த இந்திய எண் யாருடையது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே எடுத்துப் பார்த்துவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

ரஹீம் அண்ணனைக் கடைசியாகத்தான் கூப்பிட்டேன். இன்னும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் “அல்ஹம்துலில்லாஹ்” என்றவர், “சரிங் தங்கச்சி, இந்த அட்டைய இப்ப என்ன பண்றதுங்க?” என்று கேட்டார். கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டி வைத்திருக்கிறாராம். பாப்பா எப்போதாவது மஸ்கட் வழியாக வந்தால் வேண்டுமே என்கிறார்.

7

வான்வெளி திறந்து, வேறு வழியாக இடம் கிடைத்து, சில நாள் கழித்து இனியா வந்து சேர்ந்தாள். கழுத்தில் அதே பை. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

“பெட்டி வந்துருச்சா?” என்றாள். முந்தின நாளே வந்துவிட்டது என்றார் செல்வராஜ்.

“பாத்தீங்களா, பார்சலுக்குத்தான் மரியாத ஜாஸ்தி” என்றாள். தமிழில்தான். நான் அவளைக் கட்டிக்கொண்டு விடாமல் நின்றதில் அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: விடுமுறைக்குப் பின் பிள்ளை வராத நாட்களுக்குக் காரணமும் ஆதாரமும் தேவை. விமான நிறுவனத்திடம் ஆதாரம் கேட்டு எழுதியிருக்கிறேன். உங்கள் கோரிக்கை எங்கள் பதிவில் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது.

மேசைத் தொலைபேசியை இப்போது யாரும் எடுத்துவைக்கச் சொல்வதில்லை. இனியாவுக்கு அந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம். நான்கு வயதில் பாலர் பள்ளியில் வீட்டு எண்ணைக் கற்றுக்கொண்டு வரச் சொன்னார்கள். குளிப்பாட்டும்போது நானே ஒரு மெட்டுப் போட்டு, ஜெர்மன் எண்களை அதில் வைத்துப் பாடிப் பாடிச் சொல்லிக்கொடுத்தேன். பத்து வருடம் கழித்துக் கொச்சியில் அது ஞாபகம் வந்திருக்கிறது. வரிசை தப்பாமல் இருக்க அந்த ஆன்ட்டி முன்னால் பாடிக்காட்டினாளாம். அதைச் சொல்லும்போது முகத்தை மூடிக்கொள்கிறாள்.

இப்போது தினமும் சாப்பாட்டு மேசையில் மாமா நம்பரை ஒப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டில் சோறு. அதே மெட்டில் பாடுகிறாள். மாமா நம்பருக்குப் பத்து இலக்கம், மெட்டுக்குள் அடங்காமல் கடைசியில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஜெர்மனில்தான் பாடுகிறாள். நான் தமிழில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுப் பாட்டு முடிந்தபோது என் கையில் ஒரு விரல் மிஞ்சி நின்றது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“மறுபடி சொல்லு கண்ணு.”

“அம்மா, நான் வீட்டுலதானே இருக்கேன்.”

“தெரியும். மறுபடி சொல்லு.”